99 ரூபாய்க் காம்போவில் என்ன இருக்கிறது? சேலம் சூப்பர் மார்க்கெட் மதிய உணவுகளை எடைபோட்ட பதிவு

சேலத்துச் சூப்பர் மார்க்கெட்டுகளில் மளிகைக்கும் சோப்புக்கும் நடுவே மதிய உணவுக்கென்று ஓர் அலமாரி முளைத்திருக்கிறது. ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, சூரமங்கலம் பக்கம் பகல் பன்னிரண்டரை மணிக்கு மேல் போனால், அலுவலக ஊழியர்களும் பயிற்சி மையத்து மாணவர்களும் அதன் முன் நிற்பதைக் காணலாம். வயிற்றை நிரப்ப ஒன்று, கொறிக்கவோ தொட்டுக்கொள்ளவோ ஒன்று, குடிக்க ஒன்று; மூன்றும் சேர்த்து ஒரே விலை. மேலே ‘21 ரூபாய் மிச்சம்’ என்று மஞ்சள் அட்டை தொங்குகிறது. அந்த மிச்சம் எந்தப் பொருளில் கிடைக்கிறது, உள்ளே இருக்கும் உணவு கொடுத்த காசுக்குத் தகுமா என்பதைத் தராசும் வெப்பமானியும் கொண்டு பார்த்ததன் பதிவு இது.

இந்த ஏற்பாட்டின் தாயகம் பிரிட்டன். அங்கே இதை ‘மீல் டீல்’ என்கிறார்கள். சாண்ட்விச், நொறுக்குத் தீனி, பானம் ஆகிய மூன்றையும் ஒரே விலைக்குள் எடுத்துக்கொண்டு போவது அலுவலகம் செல்வோரின் அன்றாட வழக்கம். டெஸ்கோ என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் அதைப் பல ஆண்டுகள் 3 பவுண்டுக்கு விற்றுவந்து, 2022 அக்டோபரில் தன் ‘கிளப்கார்டு’ வாடிக்கையாளர் அட்டை உள்ளவர்களுக்கு 3.40 பவுண்டு, மற்றவர்களுக்கு 3.90 பவுண்டு என்று உயர்த்தியபோது அங்குள்ள நாளிதழ்களுக்கு அது செய்தியானது. விலை ஒன்றே என்பதால் ஒவ்வொரு பிரிவிலும் விலை கூடிய பொருளாகத் தேடி எடுப்பதை அங்குள்ளவர்கள் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் தெரிவுகள் மிகக் குறைவு என்பதால் அந்தக் கலைக்கு இங்கே வேலையில்லை. அளவும் தரமும்தான் பார்க்க வேண்டியவை.

கடைகளின் பெயர்களைத் தவிர்த்து, அவை இருக்கும் பகுதியைக் கொண்டே குறிப்பிடுகிறேன். விலைகள் நான் வாங்கிய சமயத்தில் அலமாரியில் இருந்தவை. கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை எலெக்ட்ரானிக் தராசு, கேக் செய்வதற்காக வீட்டில் வாங்கி வைத்திருந்த ஊசி வெப்பமானி, ஒரு வடிகட்டி, சில கிண்ணங்கள் ஆகியவையே போதுமானவையாக இருந்தன. தராசு சரியாகக் காட்டுகிறதா என்பதைப் பத்து 10 ரூபாய் நாணயங்களை வைத்துச் சரிபார்க்கலாம். பழைய வகை நாணயம் ஒன்று 7.71 கிராம் என்பதால் பத்துக்கும் சேர்த்து 77 காட்ட வேண்டும். கடைக்காரர்கள் வாங்க முகம் சுளிக்கும் அந்த நாணயங்களுக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது. டப்பாவைக் கழுவித் துடைத்துத் தனியே எடைபோட்டுக் கழித்த பிறகே உணவின் எடையைக் குறித்தேன். சத்து அளவுகளைப் பொறுத்தவரை, பொட்டலத்தில் அச்சிட்டிருந்தால் அதையும், இல்லாவிட்டால் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையையும் கொண்டு கணக்கிட்டேன். எனவே புரதக் கணக்கில் ஒன்றிரண்டு கிராம் முன்பின் இருக்கலாம். எடைக் கணக்கில் இருக்காது.

ஐந்து ரோட்டுக் காம்போ

முதலில் மஞ்சள் அட்டைக்குரிய 99 ரூபாய்க் காம்போ. 80 ரூபாய் வெஜ் சாண்ட்விச், 20 ரூபாய்ச் சிப்ஸ், 20 ரூபாய்க் குளிர்பானம். தனித்தனியே வாங்கினால் 120. சாண்ட்விச் உறையில் நிகர எடை 150 கிராம் என்றிருந்தது, தராசு 146 காட்டியது. இதைக் குறை என்று சொல்ல முடியாது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள், 100 முதல் 200 கிராம் வரையிலான பொட்டலங்களில் 4.5 சதவீதம் வரை எடை வேறுபாட்டை அனுமதிக்கின்றன. 150 கிராமுக்கு அது ஏறத்தாழ 7 கிராம் என்பதால், 146 கிராம் விதிக்குள் அடங்கியதே.

எடையைவிட, அந்த எடை எங்கே இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. முக்கோண டப்பாவின் கண்ணாடிப் பக்கத்தில் தெரிவது சாண்ட்விச்சின் வெட்டுமுகம். முட்டைக்கோஸும் கேரட்டும் சீஸும் அங்கே பிதுங்கிக்கொண்டு நிற்கின்றன. ரொட்டியை மெல்லப் பிரித்துப் பார்த்தால், பூரணம் முழுவதும் அந்த வெட்டு விளிம்பை ஒட்டிக் குவிந்திருக்கிறது. அங்கிருந்து மூலையை நோக்கிப் போகப்போகக் குறைந்து, கடைசி இரண்டு விரற்கடை தூரத்துக்கு மயோனைஸ் தடவிய ரொட்டி மட்டுமே இருக்கிறது. கத்தியின் முதுகால் வழித்து எடுத்து நிறுத்தபோது ரொட்டி 88 கிராம், சீஸ் 17 கிராம், மயோனைஸ் கலந்த காய்கறி 41 கிராம். உறையில் உள்ள பொருள் பட்டியலும் இதைத்தான் சொல்கிறது. எடையில் அதிகமானதை முதலிலும் குறைவானதைக் கடைசியிலும் எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியாதலால், அந்த வரிசையை ஒருமுறை படித்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

சிப்ஸ் 40 கிராம், குளிர்பானம் 250 மில்லி. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 690 கிலோ கலோரி வருகிறது. ஒரு வேளைக்குத் தாராளமானதுதான். ஆனால் அதில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு சிப்ஸிலிருந்தும் குளிர்பானத்திலிருந்தும் வருவது. பானத்தில் மட்டும் 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. உறைகளில் காணும் அன்றாடத் தேவை சதவீதங்கள் ஒரு நாளைக்கு 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்ற உச்ச அளவை அடிப்படையாகக் கொண்டவை. மதியச் சாப்பாட்டோடு பாதியைத் தாண்டிவிட்டால், மாலை டீக்கு இடமில்லை. புரதம் மொத்தம் 14 கிராம் அளவில் இருந்தது. அதாவது 10 கிராம் புரதத்துக்கு 71 ரூபாய்.

அந்த 21 ரூபாய் மிச்சத்தைக் கணக்கில் எடுப்பவர்கள் ஒன்றை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். காம்போ அட்டை இல்லாதிருந்தால் அன்றைக்கு மூன்றையுமே வாங்கியிருப்போமா? சாண்ட்விச்சை மட்டும் வாங்கியிருக்கக்கூடியவருக்கு 80 ரூபாயில் முடிந்திருக்கும். அவரைப் பொறுத்தவரை இது 21 ரூபாய் மிச்சமில்லை, 19 ரூபாய் கூடுதல் செலவு. சிப்ஸையும் பானத்தையும் எப்படியும் வாங்குபவருக்கு மட்டுமே அட்டையில் உள்ள கணக்கு பொருந்தும். குளிர்பானத்துக்குப் பதிலாகத் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று பில் போடும் பெண்ணிடம் கேட்டேன். “எடுத்துக்கலாங்க சார், ஆனா ரேட் அதேதாங்க” என்றார். அரை லிட்டர் தண்ணீர் 10 ரூபாய் என்பதால் மிச்சம் 11 ஆகச் சுருங்குகிறது. தண்ணீரை எடுப்பவன் ஏமாளி என்ற எண்ணத்தை அந்த ஒற்றை விலையே உண்டாக்கிவிடுகிறது. என் முன்னால் நின்றவர்களில் ஒருவர்கூடத் தண்ணீரை எடுக்கவில்லை.

பில்லில் தெரியும் கணக்கு

காம்போவை ஒரே விலைக்கு விற்றாலும், பில்லில் அது ஒரே பொருளாக வருவதில்லை. சாண்ட்விச் 80, தள்ளுபடி 14. சிப்ஸ் 20, தள்ளுபடி 3.50, குளிர்பானம் 20, தள்ளுபடி 3.50 என்று மூன்று வரிகளாகப் பிரித்தே அச்சாகிறது. இதைக் கடையின் கணினிப் பழக்கம் என்று நினைத்துக் கடந்துவிடலாம், ஆனால் அதன் பின்னால் ஜி.எஸ்.டி. சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, ஒன்றுக்கொன்று இயல்பான தொடர்பில்லாத பொருள்களை ஒரே விலைக்குச் சேர்த்து விற்றால் அது ‘கலப்பு வழங்கல்’ ஆகும். அவற்றுள் எந்தப் பொருளுக்கு வரி விகிதம் மிக அதிகமோ, அந்த விகிதமே மொத்தத்துக்கும் பொருந்தும். சட்டம் தரும் எடுத்துக்காட்டிலேயே இனிப்பு, சாக்லேட், கேக், உலர்பழம், குளிர்பானம், பழச்சாறு ஆகியவை கொண்ட பொட்டலம்தான் இடம்பெறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிப்ஸ் போன்ற நொறுக்குத் தீனிகளுக்கு 5 சதவீதமும், வாயு நிரப்பிய குளிர்பானங்களுக்கு 40 சதவீதமும் வரி. மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே பொருளாக விற்றால், 20 ரூபாய்ப் பானத்துக்காக 80 ரூபாய்ச் சாண்ட்விச்சுக்கும் 40 சதவீதம் கட்ட நேரிடும். ஆகவேதான் கடைகள் தனித்தனி விலையைக் காட்டி, தள்ளுபடியைப் பங்கிட்டுப் போடுகின்றன.

வாங்குபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. எந்தப் பொருளில் எவ்வளவு குறைத்திருக்கிறார்கள் என்பது பில்லில் தெரிந்துவிடுகிறது. சிப்ஸுக்கும் பானத்துக்கும் எம்.ஆர்.பி.யை நிர்ணயிப்பது அவற்றைத் தயாரிக்கும் நிறுவனம். அதில் கடை கை வைக்க முடியாது. சாண்ட்விச் அந்தக் கடைக்கென்றே தயாராகி வருவது, அதன் விலை கடையின் கையில் இருக்கிறது. 21 ரூபாய்த் தள்ளுபடியில் 14 ரூபாய் அந்தச் சாண்ட்விச்சில்தான் விழுகிறது. 80 ரூபாய் என்ற விலையே சற்று உயர்த்தி வைக்கப்பட்டிருந்தால் அந்த 14 ரூபாய்க்கு என்ன பொருள் என்று நினைத்துப் பார்க்கலாம். நகரில் உள்ள பேக்கரிகளில் இதே அளவுள்ள சாண்ட்விச் 50, 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அஸ்தம்பட்டிச் சாம்பார் சாதம்

அஸ்தம்பட்டிக் கடையில் 60 ரூபாய்ச் சாம்பார் சாதம், 15 ரூபாய் உருளைக்கிழங்கு வறுவல், 15 ரூபாய் மோர் மூன்றும் சேர்ந்து 75. இது உள்ளூர்க்காரர் நடத்தும் கடை. சமையல் பின்கட்டிலேயே நடக்கிறது. டப்பாவின் மீது தேதி ஒட்டியிருந்தது, எடை குறிக்கப்படவில்லை. முன்கூட்டியே நிரப்பி மூடி வைத்து விற்கும்போது நிகர எடையும் தயாரித்தவர் விவரமும் உறையில் இருந்தாக வேண்டும். கேட்டதற்கு, அடுத்த முறை ஸ்டிக்கர் அடிக்கும்போது சேர்த்துவிடுவதாகச் சொன்னார்கள்.

சாதம் 352 கிராம், வறுவல் 58 கிராம், மோர் 200 மில்லி. திடப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் 100 கிராமுக்கு 18 ரூபாய் ஆகிறது. சாண்ட்விச் காம்போவில் அது 53 ரூபாய். ஆனால் எடையை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது சாண்ட்விச்சுக்கு நியாயமாகாது. வெந்த சாதத்தில் பெரும்பகுதி தண்ணீர், ரொட்டியில் அது பாதிகூட இல்லை. ஆகவே சாம்பார் சாதத்துக்குள் உண்மையில் எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

காயைப் பிரிப்பது எளிது. இன்னொரு டப்பாவின் சாதத்தைக் கண் பெரிதான வடிகட்டியில் இட்டு, வெந்நீர் ஊற்றிக் கரண்டியால் மெல்லக் கிளறினால், குழம்பும் குழைந்த பருப்பும் இறங்கிப் பருக்கையும் காயும் மேலே நிற்கும். காய்த் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து நிறுத்தபோது மொத்தம் 24 கிராம். அவற்றுள் 9 கிராம் ஒரே ஒரு முருங்கைக்காய்த் துண்டு. மென்று துப்பும் சக்கையும் அந்த 9 கிராமில் அடக்கம் என்பதைக் கழித்தால், வாய்க்குள் போகும் காய் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்கிறது.

பருப்பைப் பிரித்தெடுக்க வழியில்லை. அதற்கு மறுவழியில் போனேன். வீட்டில் 90 கிராம் புழுங்கலரிசியை 25 கிராம் துவரம் பருப்போடு வைத்துச் சாம்பார் சாதம் செய்தபோது, இறுதி எடை கடைச் சாதத்துக்கு நெருங்கி வந்தது. ஆனால் கரண்டியில் எடுத்தால் கெட்டியாக நின்றது, நிறமும் தெளிவான மஞ்சளாக இருந்தது. பருப்பை 15 கிராமாகக் குறைத்த பிறகுதான் கடைச் சாதத்தின் நெகிழ்வும் மங்கிய செம்மஞ்சள் நிறமும் வந்தன. இது ஆய்வகச் சோதனை ஆகாது; இருந்தாலும் சாம்பார் வைத்துப் பழகிய எந்தக் கையும் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளும். என் அம்மா கடைச் சாதத்தை ஒரு வாய் உண்டுவிட்டு, “பருப்பைக் காட்டிட்டு எடுத்துட்டாங்க போல” என்றார்.

இந்த அளவுகளின்படி அந்தச் சாதத்தில் புரதம் 10 கிராம்; வறுவலையும் மோரையும் சேர்த்தால் மொத்தம் 13. ஆக, 10 கிராம் புரதத்துக்கு 58 ரூபாய். இதே சாதத்தை வீட்டில் செய்ய அரிசி, பருப்பு, காய், எண்ணெய், பொடி, புளி, எரிவாயு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 20 ரூபாய் ஆனது. கடையின் 60 ரூபாயில் ஆள் கூலியும் டப்பாவும் வாடகையும் அடங்கியிருக்கின்றன என்பதால் அந்த விலையை அநியாயம் என்று சொல்லமாட்டேன். சுவையிலும் குறையில்லை, நெய் வாசம்கூட இருந்தது. வறுவலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. டப்பாவுக்குள் ஆவியில் ஊறி, ஓரங்கள் தொய்ந்து, எண்ணெயை அடியில் விட்டிருந்தது. மூன்றில் நான் மனமாரப் பாராட்டுவது மோரைத்தான். இஞ்சியும் கறிவேப்பிலையும் அரைத்துவிட்ட, புளிப்பு ஏறாத மோர்.

சூரமங்கலம்

ரயில் சந்திப்புக்குப் போகும் வழியில் உள்ள சூரமங்கலம் கடையில் 50 ரூபாய்த் தயிர் சாதம், 40 ரூபாய்க் கொண்டைக்கடலைச் சுண்டல், 8 ரூபாய்ப் பூவன் பழம் மூன்றும் 85. மிச்சம் 13 ரூபாய். மூன்று கடைகளில் இதுவே குறைவு. அட்டையைப் பார்த்து வாங்குபவர் இதைத் தொடமாட்டார்.

தயிர் சாதம் 296 கிராம், சுண்டல் 118 கிராம், தோல் நீக்கிய பழம் 62 கிராம். 100 கிராமுக்கு இங்கேயும் 18 ரூபாய்தான். புரதம் 19 கிராம் என்பதால் 10 கிராமுக்கு 45 ரூபாய் ஆகிறது. சுண்டல் மட்டுமே இதில் பாதியைத் தருகிறது. சர்க்கரை சேர்த்த பானம் இல்லை, பொரித்தது எதுவும் இல்லை, மொத்தம் 580 கிலோ கலோரி. மாலை ஐந்து மணி வரை பசி எடுக்காமல் இருந்ததும் இதை உண்ட நாள்களில்தான்; சாண்ட்விச் உண்ட நாளில் மூன்றரைக்கே கை பிஸ்கட்டைத் தேடியது.

இருந்தாலும் சுண்டலின் விலை உறுத்துகிறது. 50 கிராம் காய்ந்த கடலையை ஊறவைத்து வேகவைத்தால் அந்த 118 கிராம் கிடைத்துவிடும். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்குபவருக்கு அந்த 50 கிராமின் விலை ஐந்தாறு ரூபாய். ஆகவே சத்துக்கணக்கில் முதலிடம் பிடிக்கும் இந்தக் காம்போவில்தான் கடைக்கு லாப விகிதமும் அதிகம் என்பது என் கணிப்பு. சாண்ட்விச் காம்போவில் சிப்ஸ், பானம் ஆகியவற்றின் லாபத்தை வேறு நிறுவனங்களோடு பங்கிட வேண்டும். சுண்டலில் பங்கு கேட்க யாரும் இல்லை.

சூடு

விலையைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று வெப்பமானியில் தெரிந்தது. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் நீண்ட நேரம் கிடந்தால் கிருமி பெருகும். சோற்றில் இந்த அபாயம் சற்றுக் கூடுதல். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கி நிற்பவை. சாதம் மெல்ல ஆறும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியைத் தரும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

அஸ்தம்பட்டியில் டப்பா அலமாரிக்கு வந்த நேரத்தில், பதினொன்றரைக்கு, சாதத்தின் நடுவே ஊசியைச் செருகினால் 66 டிகிரி இருந்தது. ஒரு மணிக்கு வாங்கிய டப்பாவில் 47, மூன்று மணிக்கு வாங்கியதில் 36. அலமாரியில் சூடாக்கியும் இல்லை, குளிரூட்டியும் இல்லை. சூரமங்கலம் கடையில் தயிர் சாதத்தைக் கண்ணாடிக் கதவுள்ள குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். எந்த நேரத்தில் வாங்கினாலும் 7 முதல் 9 டிகிரிக்குள் இருந்தது. 5-க்குக் கீழே இல்லையென்றாலும், அறை வெப்பத்தில் கிடக்கும் டப்பாவோடு ஒப்பிட இதில் எவ்வளவோ நம்பிக்கை வைக்கலாம். தயிரின் புளிப்பும் துணை நிற்கிறது. ஐந்து ரோட்டுச் சாண்ட்விச் 6 டிகிரி. இந்த ஒரு வகையில் பெரிய கடையின் ஒழுங்கு மெச்சத்தக்கது.

அஸ்தம்பட்டியில் மூன்று மணிக்கு மேல் சாத டப்பாக்களின் மீது ‘பாதி விலை’ ஸ்டிக்கர் ஏறுகிறது. விலைக்கணக்கில் பார்த்தால் நகரிலேயே மலிவான காம்போ அதுதான். மூன்றரை மணி நேரம் அலமாரியில் இருந்து, உடல் சூட்டுக்கு இறங்கிவிட்ட அந்தச் சாதத்தை நான் வாங்குவதில்லை, யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். பகல் ஒரு மணிக்குள் அதே டப்பாவை முழு விலை கொடுத்து வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை.

வீட்டுக்கு எடுத்துப்போகும் காம்போ

மாலையில் வீட்டுக்கு வாங்கிப் போகும் வகையாக, ஐந்து சப்பாத்தி கொண்ட பாக்கெட்டும் 285 கிராம் பனீர் கிரேவிப் பையும் சேர்ந்த 149 ரூபாய்க் காம்போ ஒன்று இருக்கிறது. அந்தக் கிரேவிப் பை ‘ரிட்டார்ட்’ முறையில், அதாவது அடைத்து மூடிய பின் 121 டிகிரி அளவில் அழுத்தத்தோடு சூடேற்றிக் கிருமி நீக்கம் செய்யப்பட்டது. இந்தியாவில், மைசூருவின் பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக் கூடம் ராணுவத்துக்காக வளர்த்தெடுத்த தொழில்நுட்பம் இது. பதப்படுத்தும் வேதிப்பொருள் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது. கிரேவியைக் கழுவிப் பனீரைப் பொறுக்கினால் 48 கிராம். மீதி தக்காளி, வெங்காயம், எண்ணெய், தண்ணீர். தனியாக 200 கிராம் பனீர் வாங்கி வீட்டில் செய்பவருக்கு இந்தக் காம்போ தேவையே இல்லை. இரவு ஒன்பது மணிக்குத் திருச்சிப் பேருந்திலிருந்து இறங்கி வருபவருக்குத் தேவைப்படலாம்.

ஏற்காட்டில்

மலை மேல் ஏரிக்கரையை ஒட்டிய கடைகளில் கப் நூடுல்ஸ், சிப்ஸ், பழச்சாறு சேர்ந்த காம்போ சுற்றுலா வருபவர்களுக்காக விற்கப்படுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போன சிப்ஸ் பாக்கெட் தலையணை போல உப்பிக்கொண்டு நிற்கும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரம், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே அடைத்த வாயு விரிகிறது. கீழே பார்த்த பாக்கெட்டைவிட மலைப் பாக்கெட் பெரிதாகத் தோன்றும், தராசு இரண்டுக்கும் 40 கிராமே காட்டும்.

கப் நூடுல்ஸ் வேறு தொல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கடைக்காரர் ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றும்போது அது 84 டிகிரியாக இருந்தது. உறையில் சொன்ன நேரத்தில் திறந்தால் நடுவில் நூடுல்ஸ் கடுக்கென்று நிற்கிறது. மூடியின் மீது கனமான எதையாவது வைத்து, சொன்ன நேரத்தைப் போல இரு மடங்கு விட்டால் சரியாகிவிடும்.

மேலே ஒரு கடையில் பழச்சாற்றுக்குக் ‘கூலிங்’ என்று எம்.ஆர்.பி.க்கு மேல் 5 ரூபாய் கேட்டார்கள். எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் உட்பட்ட உச்ச விலை. மலை என்றாலும் குளிர்ப்பெட்டி என்றாலும் அதற்கு மேல் விற்பதற்கு விதி இடம் தரவில்லை. உறையைக் காட்டியதும் அந்த 5 ரூபாய் மறைந்துவிட்டது.

இப்போது வாங்குவது

சேலத்துக்குத் திரும்பினால், ஒப்பிடுவதற்கு வேறு அளவுகோல்களும் இருக்கின்றன. 2013-இல் சென்னையில் தொடங்கிப் பிற மாநகராட்சிகளுக்கும் வந்த அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மானியத்தில் நடப்பதால் அதைக் கடைகளோடு சேர்த்துப் பேசுவது முறையல்ல. மெஸ் பார்சல் 110 ரூபாய்க்குச் சோறு மட்டுமே 480 கிராம், சாம்பார், ரசம், பொரியல், கூட்டு, மோர் எல்லாம் சேர்ந்து மேலும் 400 கிராமுக்கு மேல். பொரியலும் கூட்டும் மட்டுமே 130 கிராம் காய் தருகின்றன. இருவர் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு 55 ரூபாய். எந்தக் காம்போவும் இதன் அருகில் வராது. தனி ஆளுக்குத்தான் அது மிகுதியாகிவிடுகிறது.

ஆகவே அலுவலகத்தில் துணை இருக்கும் நாளில் மெஸ் பார்சல். தனியாக இருக்கும் நாளில், சூரமங்கலம் கடையில் 50 ரூபாய்த் தயிர் சாதத்தை மட்டும் காம்போ இல்லாமல் வாங்கி, வீட்டில் முந்தின இரவு ஊறவைத்து அவித்த கடலையைச் சேர்த்துக்கொள்கிறேன். 60 ரூபாய்க்குள் 18 கிராம் புரதம் கிடைக்கிறது. மொறுமொறுப்பாக ஏதாவது வேண்டுமென்று நாக்கு கேட்டால் சிப்ஸை விட்டுவிட்டு மாலையில் தட்டுவடை செட் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் இருப்பதால், அந்த 24 கிராம் சாம்பார் சாதக் காயை அது சுலபமாக மிஞ்சிவிடுகிறது.

மாம்பழக் காலம் வந்ததும் பூவன் பழத்துக்குப் பதிலாக வெட்டிய மாம்பழக் கப் வைக்கப்போவதாகச் சூரமங்கலம் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மல்கோவாவாக இருந்தால் விலை 85-இல் நிற்காது. வெட்டிய பழமும் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய பொருள் என்பதால், அது தயிர் சாதத்தோடு குளிர்பெட்டிக்குள் போகிறதா, பழக்கூடை இருந்த இடத்திலேயே வெளியே வைக்கப்படுகிறதா என்பதைத்தான் விலைக்கு முன்பே பார்க்க வேண்டும்.